மீன் பொத்தான்

சிவதர்ஷினியின் தொழில் ஏமாற்றுவது. அதற்கு மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, ஆண்டுக்குப் பதினெட்டு நாள் விடுப்பு எல்லாம் உண்டு.

சிங்கப்பூரின் ஜாலான் புசாரில் ஒரு பழைய கடைவீடு. கீழே குழாயும் திருகாணியும் விற்பார்கள். மேலே கண்ணாடித் தடுப்புகளுக்குள் அவளுடைய அலுவலகம். சாங்கியில் விமானச் சரக்கு கையாளும் ஒரு நிறுவனத்தின் இணையப் பாதுகாப்புப் பிரிவு அது. பிரிவு என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தலைவர் ரகுபதி. அவருக்குக் கீழே சிவதர்ஷினி. அவளுக்குக் கீழே, ஏர்கான் சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்க ஒரு வாளி.

மாதம் ஒருமுறை நிறுவனத்தின் ஆயிரத்து நானூறு ஊழியர்களுக்கும் அவள் ஒரு பொய் மின்னஞ்சல் அனுப்புவாள். ‘உங்களுக்கு ஒரு பார்சல் காத்திருக்கிறது’, ‘உங்கள் விடுப்புக் கணக்கைச் சரிபாருங்கள்’ என்று ஏதாவது. உள்ளே ஓர் இணைப்பு இருக்கும். அதை அழுத்துகிறவர் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். தூண்டில் போட்டு மீன் பிடிப்பதைப் போன்றது என்பதால் இந்த வகை மோசடிக்கு ‘ஃபிஷிங்’ என்று பெயர். நிஜத் திருடன் வருவதற்கு முன்னால் வீட்டுக்காரரே ஒருதரம் சுவரேறிக் குதித்துப் பார்த்துக்கொள்வது போன்ற ஏற்பாடு.

எல்லோருக்கும் போவது ஒரே கடிதம் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை. ஒவ்வொருவருடைய இணைப்பின் வாலிலும் அவரவருக்கென்று முப்பது எழுத்தில் ஒரு தனிக்குறி தொங்கும். யார் அழுத்தினாலும் அந்த வால் ஓடிவந்து அவர் பெயரைச் சொல்லிவிடும். அழுத்தாமல் திறந்து மட்டும் பார்த்தவரும் தப்ப முடியாது. கடிதத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத புள்ளியளவு படம் ஒன்று ஒட்டியிருக்கும். கடிதம் திறந்ததும் அந்தப் படத்தைக் கொடு என்று பெற்றவரின் கணினி இவளுடைய சர்வரிடம் வந்து கேட்கும். கேட்ட நேரம் நொடி பிசகாமல் பதிவாகும். மேலே தெரிகிற அனுப்புநர் பெயரோ தபால் உறையில் எழுதுகிற பெயரைப் போல. யாரும் எதையும் எழுதிக்கொள்ளலாம். ‘நஃபீசா, ஊழியர் நலப் பிரிவு’ என்று சிவதர்ஷினி எழுதிக்கொண்டிருந்தாள். தேக்காவில் மதியம் அவள் ரொட்டி வாங்கும் கடையில், கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருந்த உரிமத்தில் பார்த்த பெயர்.

இந்த ஏற்பாட்டுக்கு ரகுபதி ‘மனித அரண்’ என்று பெயர் வைத்திருந்தார். அவருடைய பதவியின் பெயர் முகவரி அட்டையில் இரண்டு வரிக்கு ஓடியது. சிங்கப்பூர் வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார். திங்கட்கிழமைதோறும் தன் கடவுச்சொல்லை மறந்துவிட்டு, “தர்ஷினி, சிஸ்டம் என்னைச் சோதிக்குது” என்று வந்து நிற்பார். அவள் புதிது போட்டுக் கொடுப்பாள்.

அழுத்தியவர்களுக்கு ஒரு பக்கம் திறக்க வேண்டும் அல்லவா? அதற்கு அவள் நான்கு வரி எழுதியிருந்தாள்: இது பயிற்சிக்காக அனுப்பிய போலி மின்னஞ்சல், அனுப்புநர் முகவரியைக் கவனியுங்கள், இப்படி இப்படி. ரகுபதி நான்கையும் அடித்துவிட்டார்.

“எழுத்து வேணாம் லா. கிளாஸா இருக்கணும். பெரிய மீன் ஒண்ணு. கீழ ஒரே ஒரு வார்த்தை. ‘சிந்தியுங்கள்’. அவ்வளவுதான்.”

“என்ன நடந்துச்சுன்னே புரியாதே சார்?”

“புரியாததுதான் சிந்திக்க வைக்கும்.”

மீன் நன்றாகவே வந்திருந்தது. அதை வரைந்த விளம்பர நிறுவனத்துக்கு ஒரு மாதம் பிடித்தது.

அழுத்தியவர் எத்தனை பேர், திறந்தவர் எத்தனை பேர், சந்தேகப்பட்டுப் புகார் செய்தவர் எத்தனை பேர் என்று மூன்று வண்ணக் கட்டங்கள் ரகுபதியின் திரையில் மின்னும். பதில் எழுதியவர்களுக்குக் கட்டம் கிடையாது. பொய்க் கடிதத்துக்குப் பதில் எழுதுகிற ஆள் ஒருவர் இருப்பார் என்று மென்பொருளைச் செய்தவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஆனாலும் பதில்கள் எங்காவது விழத்தானே வேண்டும்? அவை விழுகிற பெட்டியைச் சிவதர்ஷினி மட்டும் திறந்து பார்ப்பாள். பெரும்பாலும் ‘நான் விடுப்பில் இருக்கிறேன்’ என்கிற தானியங்கி பதில்கள்தான்.

ஆகஸ்டு மாதம் அதில் ஒரு கடிதம் கிடந்தது.

‘மதிப்பிற்குரிய நஃபீசா அவர்களுக்கு, வணக்கம். தாங்கள் அனுப்பிய பார்சல் அறிவிப்பு கிடைத்தது. எனக்குப் பார்சல் அனுப்பக்கூடியவர் எவரும் இல்லை என்பதால் வேறு ஒருவருடையதாக இருக்கலாம். எனினும் திறந்து பார்த்தேன். ஒரு மீன் வருகிறது. தங்கள் பிரிவின் கவனத்திற்கு. இப்படிக்கு, அழகேசன், ஆவணப் பிரிவு, சாங்கி.’

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு இன்னொரு முறை படித்தாள். ‘எனக்குப் பார்சல் அனுப்பக்கூடியவர் எவரும் இல்லை’ என்ற இடத்தில் இரண்டாம் முறை சிரிப்பு வரவில்லை.

அக்டோபரில் தீபாவளி வாழ்த்து அட்டை என்று ஒன்று அனுப்பினாள். அழகேசன் மறுபடி அழுத்தினார். மறுபடி எழுதினார். ‘மீன் இன்னும் சரிசெய்யப்படவில்லை. பரவாயில்லை, அவசரம் இல்லை. வாழ்த்துக்கு நன்றி. என் மனைவி இருந்தவரை முறுக்கு சுடுவார். இப்போது நான்கு ஆண்டுகளாகக் கடை முறுக்குதான். மகன் பெர்த்தில் இருக்கிறான். நேர வித்தியாசம் இல்லாத ஊர்தான், ஆனாலும் அவனுக்கு நேரம் கிடைப்பதில்லை. தாராந்தாவில் கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறேன். பூச்சி விழுந்திருக்கிறது. தங்களுக்கு ஏதாவது மருந்து தெரிந்தால் எழுதவும்.’

தாராந்தா என்றால் வராந்தாதான். அவசரத்தில் விரல் பிசகியிருக்கும். சிவதர்ஷினிக்கு அந்தப் பிசகுகூடப் பிடித்திருந்தது.

அவளுக்கு முப்பத்தாறு வயது. தனியாளாக இருந்தாலும் முப்பத்தைந்து முடிந்தால் வீடு வாங்கிக்கொள்ளலாம் என்று அரசாங்கம் சொல்கிறது. முடிந்த மறுமாதமே விண்ணப்பித்துப் பொங்கோலில் ஒரு சின்ன வீடு வாங்கியிருந்தாள். ஜன்னலைத் திறந்தால் நீர்நிலை தெரியும். அம்மாவும் அப்பாவும் அக்காவோடு டொரான்டோவில். வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம், பூப்படம், மறுநாள் இன்னொரு பூப்படம். அவளுக்கும் நாளுக்கு இருநூறு மின்னஞ்சல் வரும். அத்தனையையும் அனுப்புவது ஏதாவதொரு இயந்திரம். பெயர் போட்டு, பூச்சி மருந்து கேட்டு, மனிதர் ஒருவர் எழுதிய கடிதம் என்றால் இது ஒன்றுதான். அதுவும் அவளுக்கு எழுதியது இல்லை, நஃபீசாவுக்கு.

ஒருமுறை ‘வேப்பெண்ணெயைத் தண்ணீரில் கலந்து தெளியுங்கள்’ என்று தட்டச்சுச் செய்துவிட்டாள். அனுப்பவில்லை. போலி அனுப்புநர் ஊழியருடன் உரையாடலில் ஈடுபடக் கூடாது என்று ரகுபதியின் பதினான்கு பக்க விதிமுறையில், ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. அதை எழுதியவளும் அவள்தான்.

நவம்பரில் அழகேசனுக்குப் பிறந்தநாள். இயந்திரத்துக்கு அது தெரியும். ஆகவே பிறந்தநாள் வாழ்த்து போனது. மூன்றாவது அழுத்தல். மூன்றாவது கடிதம், ஒன்றரைப் பக்கம்.

‘இந்த ஆண்டு முதல் வாழ்த்து தங்களுடையதுதான்’ என்று அது தொடங்கியது.

*

டிசம்பர் முதல் வாரம் ரகுபதி அவளைக் கண்ணாடி அறைக்குள் அழைத்தார்.

“ஜனவரில போர்டு மீட்டிங். நான் ஜீரோ காட்டணும் தர்ஷினி. ஜீரோ கிளிக்.”

“ஆயிரத்து நானூறு பேர் சார். ஜீரோ வராது.”

“வர வைக்கணும் லா. மூணு தடவை மாட்டுனவங்க லிஸ்ட் எடு. நாலாவது தடவை மாட்டுனா பேரு ஹெச்ஆருக்குப் போயிடும். கான்ட்ராக்ட் ஆளா இருந்தா ரினியூவல் கிடையாது. சிம்பிள்.”

பட்டியலில் பதினோரு பேர் இருந்தார்கள். முதல் பெயரைப் பார்த்ததும் ரகுபதி தொண்டையைச் செருமினார். நிதித்துறை இயக்குநர்.

“இவர எடுத்துடு. பிஸியான ஆளு. பிஸியா கிளிக் பண்றது வேற, தெரியாம கிளிக் பண்றது வேற.”

“சரி சார். அடுத்தது…” அவள் தயங்கினாள். “அடுத்தது நீங்க சார். கோல்ஃப் கிளப் அழைப்பு.”

“அது நான் டெஸ்ட் பண்ணிப் பார்த்தது.”

“மூணு தடவையுமா சார்?”

“டெஸ்டிங்னா ஒரு தடவையா பண்ணுவாங்க?”

ஆக மனித அரணின் முதல் இரண்டு ஓட்டைகள் அடைபட்டன. மிச்சம் ஒன்பது. ரகுபதியின் பேனா ஒவ்வொன்றாக இறங்கி நின்றது.

“அழகேசன். அறுபத்தாறு வயசு. வருசா வருசம் ரினியூவல். எப்போ வருது?”

“ஜனவரி கடைசில சார்.”

“டைமிங் நல்லா இருக்கு” என்றார் ரகுபதி, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல். “இந்தத் தடவை கொஞ்சம் இன்ட்ரஸ்டிங்கா எழுது. பாசமா. ஃபீலிங்கோட. அதுல தப்பிச்சாதான் உண்மையான அரண்.”

அழகேசன் தப்பமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். நஃபீசா பெயரில் போனால் அழுத்துவார். மீன் இன்னும் சரியாகவில்லை என்று எழுதுவார். அதோடு வேலை போகும். பட்டியலிலிருந்து பெயரை எடுக்கவும் வழியில்லை. அதை ரகுபதி அச்செடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் மறக்காத ஒரே காகிதம் அது. பயிற்சி வரப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்வது பதினொன்றாம் பக்கத்துக் குற்றம். பொதுவாகப் பாதுகாப்பு பற்றிச் சொல்லிக்கொடுப்பதைப் பற்றி எந்தப் பக்கமும் எதுவும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சாங்கிக்குப் போனாள்.

*

சரக்கு வளாகத்தின் கேன்டீனில் இரண்டு பேர் அடையாளம் காட்டிய பிறகும் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. கடிதங்களை வைத்து அவள் மனத்தில் வரைந்திருந்தவர் ஒல்லியாக, சோகமாக இருந்தார். நிஜ அழகேசன் குண்டாக, பால் சேர்க்காத ஒரு கோப்பி-ஓவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த காலி நாற்காலியில் தன் பையை உட்கார வைத்திருந்தார்.

“அங்கிள், அழகேசன்தானே? நான் தர்ஷினி. ஐடில இருந்து வர்றேன்.”

“கம்ப்யூட்டர் நல்லாத்தாம்மா இருக்கு.”

“கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு அங்கிள். மெயில் பத்திப் பேசணும்.”

அவர் முகம் மலர்ந்தது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “உக்காரும்மா. அந்த மீன் விஷயம்தானே? மூணு தடவை எழுதிட்டேன். ஊழியர் நலத்துல ஒரு பொண்ணு, நஃபீசா, நல்ல பொண்ணு. ஆனா அது அனுப்பறது எதைத் தொறந்தாலும் மீன். அதுகிட்டயே திரும்பத் திரும்பச் சொல்லவும் ஒரு மாதிரியா இருக்கு. பாவம், அது மேல தப்பு வந்துடப் போகுது.”

சிவதர்ஷினி மேசையில் இருந்த ஈரவட்டத்தை விரலால் துடைத்தாள்.

“அது பழுது இல்ல அங்கிள். அந்த மெயிலே பொய். யாரு லிங்க்க அழுத்தறாங்கன்னு பாக்க கம்பெனியே அனுப்பறது. அழுத்துனா மாட்டிக்கிட்டீங்கன்னு அர்த்தம். அதுக்குத்தான் மீன்.”

“மாட்டிக்கிட்டேனா?”

“மூணு தடவை.”

அவர் யோசித்தார். ரகுபதி இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

“அதை அங்கயே எழுதிப் போட்டிருக்கலாமேம்மா. மீன் நல்லாத்தான் வரைஞ்சிருக்காங்க. ஆனா மீனைப் பாத்தா மனுசனுக்கு என்ன தெரியும்?”

“தப்புதான் அங்கிள்.”

“சரி, அந்த நஃபீசா?”

“அப்படி யாரும் இல்ல. சும்மா வெச்ச பேரு.”

“யாரு வெச்சது?”

பக்கத்து மேசையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அந்தச் சத்தம் முடியும்வரை அவளுக்கு அவகாசம் கிடைத்தது.

“சிஸ்டம்” என்றாள்.

“அப்ப நான் எழுதினது எல்லாம்?”

“அது… யாரும் பாக்காத ஒரு பாக்ஸுக்குப் போயிடும் அங்கிள். யாரும் படிக்க மாட்டாங்க.”

“நல்ல வேளை.” மூச்சை வெளியே விட்டார். “முட்டி வலி, பையன் போன் பண்ணாதது, எல்லாத்தையும் கொட்டிட்டேன். நாப்பது வருசமா லெட்டர் வந்தா மூணு நாளுக்குள்ள பதில் போட்டுப் பழக்கம்மா. பதில் போடலன்னா அப்ப மெமோ குடுப்பாங்க. அந்தப் பழக்கம்தான். நல்ல வேளை, மானம் போகல.”

கோப்பியைக் கொஞ்சம் குடித்தார். கோப்பையை வைத்த பிறகு மெதுவாகக் கேட்டார்:

“ஒருத்தருமே படிக்கலையா?”

“இல்ல அங்கிள்.”

“ம்.”

இதை அவள் நன்மைக்காகத்தான் சொன்னாள். மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்தாயிற்று என்றுதான் நினைத்தாள். பிறகு தொழிலுக்கு வந்தாள். பெயரை நம்பாதீர்கள், அதன் கீழே இருக்கும் முகவரியைப் பாருங்கள். இணைப்பின் மேல் அம்புக்குறியை அழுத்தாமல் வைத்தால் அது நிஜமாக எங்கே போகிறது என்று ஓரத்தில் தெரியும். சந்தேகம் வந்தால் மேலே சிவப்பாக ஒரு மீன் பொத்தான் இருக்கும், அதை அழுத்திப் புகார் செய்யுங்கள்.

“இன்னொரு மீனா?”

“இது நல்ல மீன் அங்கிள்.”

அவர் தன் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். சிவதர்ஷினி கடைசியாக ஒன்று சொன்னாள். பட்டியலில் இருப்பவர் ஒருவரை எப்படியும் காப்பாற்றிவிட வேண்டும் என்ற வேகத்தில் கொஞ்சம் அழுத்தியே சொன்னாள்.

“முக்கியமா ஒண்ணு. யாராவது உங்க சொந்த விஷயமெல்லாம் தெரிஞ்ச மாதிரி, பாசமா எழுதுனாங்கன்னா, அதுதான் இருக்கறதுலயே டேஞ்சர். அப்ப யோசிக்கவே வேணாம். நேரா மீன்.”

“பாசமா எழுதுனா நேரா மீன்” என்று சொல்லிக்கொண்டே எழுதி, அடியில் கோடு போட்டார்.

கிளம்பும்போது பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து நீட்டினார். கறிவேப்பிலை.

“பூச்சி போயிடுச்சும்மா. நானே சோப்புத் தண்ணி அடிச்சுப் பாத்தேன். தினமும் யாருக்காவது குடுக்கலாம்னு கொண்டாருவேன். வீட்டுக்கு எடுத்துட்டுப் போ.”

அவள் வீட்டில் சமைப்பதில்லை. பொங்கோல் போய்ச் சேர்ந்ததும் கொத்தை ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். நான்கு நாள் பச்சையாக இருந்தது.

*

நஃபீசாவின் அடுத்த கடிதம் டிசம்பர் மூன்றாம் வாரம் போனது. ‘நீங்கள் நலமா? உங்களைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்’ என்று தொடங்கியது. ரகுபதிக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அழகேசன் அதைத் திறந்ததைப் புள்ளிப்படம் சொன்னது. சிவதர்ஷினி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாற்பதாவது நொடியில் புகார்க் கட்டத்தில் ஓர் எண் ஏறியது.

பதில் பெட்டிக்குப் போய்ப் பார்த்தாள். விடுப்பு அறிவிப்புகள் மட்டும்.

பூஜ்யம் வரவில்லை, பதின்மூன்று வந்தது. அதைத் தொண்ணூற்றொன்பது சதவீதத்துக்கு மேல் விழிப்பு என்று எழுதி ரகுபதி போர்டிடம் கைதட்டு வாங்கினார். அழகேசனின் ஒப்பந்தம் இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது. பிப்ரவரியில், லிட்டில் இந்தியாவில் ஒரு ஹோட்டலின் மூன்றாம் மாடி மண்டபத்தில் ஆண்டு விருந்து. ரகுபதி மேடையேறித் தூய தமிழில் தொடங்கினார்.

“அன்பார்ந்த பெருமக்களே! இணையம் என்னும் இருண்ட பெருங்கடலில், விழிப்பு என்னும் கலங்கரை விளக்கத்தை ஏந்தி…”

இந்த இடத்தில் ஒலிவாங்கி நின்றுபோனதால் கடல் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. ஒலி திரும்பியபோது அழகேசன் மேடைக்கு வந்திருந்தார். மூன்று முறை விழுந்து நான்காம் முறை எழுந்தவர், அவரே ‘மனித அரண்’ என்று அறிவித்து, நெகிழியில் செய்த மீன் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்தபடி படத்துக்கு நின்றார். சிவதர்ஷினி மண்டபத்தின் பின்கோடியில், இருட்டில், படங்களை மாற்றும் மடிக்கணினியோடு இருந்தாள். அவர் அந்தப் பக்கம் பார்த்தார். வெளிச்சம் கண்ணில் அடித்ததால் எதுவும் தெரிந்திருக்காது.

பிப்ரவரிச் சுற்று, மார்ச் சுற்று. இரண்டிலும் நாற்பது நொடி, மீன். பதில் பெட்டியில் யாருமில்லை. இருந்தும் அவள் தினமும் காலையில் அதைத்தான் முதலில் திறந்தாள்.

ஏப்ரலில் ஒருநாள், தேக்காவில் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பியவள், மேசையில் பொட்டலத்தைப் பிரிக்காமலே எழுத உட்கார்ந்தாள். நஃபீசாவாக இல்லாமல், தன் சொந்தப் பெயரில், சொந்த முகவரியிலிருந்து. இணைப்பு கிடையாது, வால் கிடையாது, புள்ளிப்படம் கிடையாது. அவள் கையிலிருந்து போன கடிதங்களிலேயே பொய் இல்லாத முதல் கடிதம் அது. எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

‘அங்கிள், நான் தர்ஷினி, அன்று கேன்டீனுக்கு வந்தவள். அன்று உங்களிடம் ஒன்று பொய் சொன்னேன். உங்கள் மூன்று கடிதங்களையும் ஒருத்தி படித்தாள். அது நான்தான். உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? பெர்த்திலிருந்து மகன் பேசினாரா? கறிவேப்பிலைச் செடி துளிர்த்துவிட்டதா? ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வசதிப்பட்டால் தேக்கா பக்கம் ஒரு தேநீர் குடிக்கலாம். எழுதுங்கள். மூன்று நாளெல்லாம் வேண்டாம், மெதுவாக எழுதுங்கள்.’

அனுப்பினாள். ரொட்டியைப் பிரித்தாள். பிட்டு வாயில் வைப்பதற்குள் திரையின் ஓரத்தில் சிவப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது.

புதிய புகார். அழகேசன், ஆவணப் பிரிவு. குறிப்பு எழுதும் இடத்தை யாரும் பயன்படுத்துவதில்லை. அவர் பயன்படுத்தியிருந்தார்.

‘மிகவும் ஆபத்தான மின்னஞ்சல். என் சொந்த விவரங்கள் அனைத்தும் இதில் உள்ளன. யாரும் படிப்பதில்லை என்று சொல்லப்பட்ட கடிதங்கள் திருடப்பட்டிருக்கலாம். தர்ஷினி என்ற பிள்ளையின் பெயரைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை எனக்கு உதவியவர், நல்லவர். தயவுசெய்து அவரை உடனே எச்சரிக்கவும்.’

கீழே இயந்திரம் அவளிடம் கேட்டது: தீங்கானதா, பயிற்சியா, பாதுகாப்பானதா?

பாதுகாப்பானது என்பதை அழுத்தினாள். அழுத்தியதும் வழக்கமான தானியங்கிக் கடிதம் அவருக்குப் போயிற்று: ‘நீங்கள் புகார் செய்த மின்னஞ்சல் பாதுகாப்பானது. தயங்காமல் திறக்கலாம்.’

நாற்பது நொடி. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

முப்பத்தைந்திலேயே வந்துவிட்டது. இரண்டாவது புகார். குறிப்பு: ‘இதுவும் அவர்கள் வேலைதான். திறக்கலாமாம்!’

சிவதர்ஷினிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. தொலைபேசியை எடுத்து ஆவணப் பிரிவின் எண்ணைப் போடலாம்; குரல் கேட்டால் நம்பக்கூடும். ஆனால் குரலையும் இப்போதெல்லாம் போலியாகச் செய்கிறார்கள் என்று போன மாதம்தான் ஆயிரத்து நானூறு பேருக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருந்தாள். அவர் அதையும் நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டிருப்பார்.

ரகுபதி கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவள் மேசையைக் கடந்தார். திரையில் சிவப்பு எண்ணைப் பார்த்து நின்றார்.

“ரிப்போர்ட்டிங் ஏறியிருக்கு போல?”

“ரெண்டு ஏறியிருக்கு சார்.”

“குட். வெரி குட். யாரு?”

“அழகேசன்.”

“பாத்தியா? அரண் லா அது, அரண்” என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அவள் இரண்டு புகார்களையும் மூடினாள். மூடும்போது தானாகவே போகும் நன்றிக் கடிதத்தின் கீழே, கையொப்பமிடும் இடத்தில், இயந்திரம் வழக்கம்போல ஒரு பெயரைப் போட்டிருந்தது: பாதுகாப்புப் பிரிவு. அதை அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதலாமா என்று யோசித்தாள். எழுதினால் அதுவும் புகாராகத் திரும்பி இங்கேதான் வரும்.

ஏர்கான் சொட்டிக்கொண்டிருந்தது. வாளி நிறைந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.